வாசகர் கேள்வி – பதில்: சொன்ன இடத்தில் திறக்கும் இணையப் பக்கம்

நீண்டதொரு இணையப் பக்கத்தின் முகவரியை ஒருவருக்கு அனுப்பினால், அது எப்போதும் தலைப்பகுதியிலிருந்தே திறக்கிறதே, வேண்டிய இடத்தில் திறக்கச் செய்ய இயலாதா என்று கேட்டு இம்மாதம் பல கடிதங்கள் வந்துள்ளன. ஒன்றோடொன்று தொடர்புடையவற்றைத் தேர்ந்து கீழே விடையளித்திருக்கிறோம். கணினியில் ஆங்கில எழுத்துகளில் இடவேண்டிய கட்டளைச் சொற்களை இங்கே ஒலிப்பின்படி தமிழில் அச்சிட்டிருக்கிறோம். பயன்படுத்தும்போது அவற்றை ஆங்கிலச் சிற்றெழுத்துகளில் தட்டச்சிடுக.

கேள்வி: திருக்குறள் முழுவதையும் எளிய உரையுடன் ஒரே பக்கமாக அமைத்து இணையத்தில் ஏற்றியிருக்கிறேன். மாணவர்களிடம் "நாற்பதாம் அதிகாரத்தைப் படித்து வாருங்கள்" என்று முகவரியை அனுப்பினால், கடவுள் வாழ்த்திலிருந்து விரலால் தள்ளித் தள்ளியே சலித்துப்போகிறார்கள். நேரே கல்வி அதிகாரத்தில் பக்கம் திறக்க என்ன செய்ய வேண்டும்?
– ஓய்வுபெற்ற தமிழாசிரியர், கும்பகோணம்

பதில்: தங்கள் பக்கத்தில் இரண்டு இடங்களில் சிறு வேலை செய்தால் போதும். முதலாவது, சென்று சேரவேண்டிய இடத்திற்கு ஒரு பெயர் இடுவது. இரண்டாவது, அந்தப் பெயரை முகவரியின் கடைசியில் ஒட்டுவது.

பெயரிடுவதற்காகக் குறிச்சொல்லினுள், அதாவது கோண அடைப்புக்குள், எழுதும் பண்பின் பெயர் ஐடி. தங்கள் பக்கத்தின் மூலநிரலைத் திறந்தால், அதிகாரத் தலைப்பு இப்போது <எச்2>கல்வி</எச்2> என்பது போல இருக்கும். அதை <எச்2 ஐடி="அதிகாரம்-40">கல்வி</எச்2> என்று மாற்றிச் சேமியுங்கள். பின்னர் பக்கத்தின் வழக்கமான முகவரியை எழுதி, இடைவெளி விடாமல் ஹாஷ் குறியையும் அந்தப் பெயரையும் சேர்த்து, இறுதியில் #அதிகாரம்-40 என்று முடியுமாறு மாணவர்களுக்கு அனுப்புங்கள். உலாவி பக்கத்தைப் பெற்றதும் அந்தப் பெயருடைய உறுப்பைத் தேடி, அதைத் திரையின் மேல்விளிம்பில் கொண்டுவந்து நிறுத்தும். பக்கத்தின் தொடக்கத்தில் 133 அதிகாரங்களுக்கும் ஓர் உள்ளடக்கப் பட்டியல் வைக்க விரும்பினாலும் இதே முறைதான்; ஒரே பக்கத்திற்குள் செல்லும் இணைப்பாதலால் முழு முகவரி வேண்டியதில்லை, <ஏ எச்ரெஃப்="#அதிகாரம்-40"> என்பதே போதும்.

தலைப்புக்கு மட்டுந்தான் பெயரிட முடியும் என்பதில்லை. பத்திக்கும், அட்டவணையின் ஒரு வரிக்கும், படத்திற்கும் ஐடி இடலாம். எனவே அதிகாரத்தோடு நின்றுவிடாமல் 1,330 குறள்களுக்கும் தனித்தனியே பெயரிட்டுவிடுவது நல்லது. கையால் செய்ய மலைப்பாகத் தோன்றும். ஆனால் குறள்கள் எண்வரிசையில் இருப்பதால், விரிதாள் ஒன்றில் எண்களை நிரப்பி நிரல்வரிகளை உருவாக்கிக்கொண்டால் ஒரு மாலைப் பொழுதில் முடிந்துவிடும்.

பெயரிடுவதில் மூன்று கட்டுப்பாடுகள் உண்டு. பெயருக்குள் இடைவெளி கூடாது. ஆங்கில எழுத்துகளானால் பெரிய எழுத்தும் சிறிய எழுத்தும் வெவ்வேறாகக் கொள்ளப்படும். ஒரு பக்கத்தில் ஒரு பெயர் ஒருமுறைதான் வரவேண்டும். தங்கள் பக்கத்திற்கு மூன்றாவதே முக்கியமானது. அதிகாரப் பெயர்களையே ஐடியாக வைத்துவிடலாமே என்று யாருக்கும் முதலில் தோன்றும். ஆனால் குறிப்பறிதல் என்னும் பெயரில் திருக்குறளில் இரண்டு அதிகாரங்கள் உள்ளன: பொருட்பாலில் 71-ஆவது, காமத்துப்பாலில் 110-ஆவது. இரண்டு தலைப்புகளுக்கும் குறிப்பறிதல் என்றே பெயரிட்டால், உலாவி பிழைச்செய்தி எதுவும் காட்டாமல் பக்கத்தில் முதலில் வருவதையே தேர்ந்துகொள்ளும். தலைவியின் நோக்கைப் படிக்க வந்தவர் அரசவையில் அமைச்சர் முன்போய் நிற்பார். ஆகவேதான் தலைப்புச் சொல்லை விட்டு எண்ணைப் பரிந்துரைத்தேன்.

பழைய நூல்களில் இதற்கு ஏ என்னும் குறிச்சொல்லில் நேம் என்ற பண்பை இடுமாறு சொல்லியிருப்பார்கள். வலையின் தொடக்க காலத்து முறை அது. உலாவிகள் இன்றும் அதை ஏற்கின்றன என்றாலும், புதிதாக எழுதுகிறவர்கள் ஐடியையே பயன்படுத்த வேண்டும்.

கேள்வி: எங்கள் நூலகத்தின் இணையப் பக்கத்தில் தமிழிலேயே பகுதிப் பெயர்களை இட்டிருக்கிறோம். முகவரியைப் படியெடுத்து ஒட்டினால் விழுக்காட்டுக் குறிகளும் எண்களும் நிறைந்த நீண்ட சரமாக மாறிவிடுகிறது. சில இணைப்புகள் வேலையும் செய்வதில்லை, பார்வைக்கு எழுத்துப்பிழையும் இல்லை. தமிழில் பெயரிடுவதே தவறா?
– நூலகர், யாழ்ப்பாணம்

பதில்: தவறில்லை. இணையப் பக்கங்கள் எழுதப்படும் மொழியான எச்டிஎம்எல்லின், 1997-இல் வெளியான நான்காம் பதிப்பின்படி ஐடி ஆங்கில எழுத்தில்தான் தொடங்க வேண்டியிருந்தது. 2014-இல் பரிந்துரையாக வெளியான ஐந்தாம் பதிப்பு அந்தத் தடையை நீக்கிவிட்டது. இடைவெளி இல்லாத எந்த எழுத்துத்தொடரும் இன்று செல்லும்.

நீண்ட சரமாக மாறுவதற்குக் காரணம், இணைய முகவரியின் இலக்கணம் ஆங்கில எழுத்துகளையும் எண்களையும் சில குறிகளையும் மட்டுமே நேரடியாக ஏற்பது. பிற எழுத்துகளை யுடிஎஃப்-8 என்னும் குறிமுறையில் பைட்டுகளாக்கி, ஒவ்வொரு பைட்டையும் ஒரு விழுக்காட்டுக் குறியும் இரண்டு எழுத்துகளுமாக எழுதுவார்கள். தமிழின் ஒவ்வொரு குறியீட்டிற்கும் 3 பைட்டுகள் ஆகும். ஆகவே ஒரு குறியீடு 9 எழுத்துகளாக விரிகிறது. கல்வி என்பது நம் கண்ணுக்கு மூன்று எழுத்தானாலும், கணினிக்கு ககரம், லகரம், புள்ளி, வகரம், இகரக்குறி என ஐந்து குறியீடுகள்; எனவே முகவரியில் 45 எழுத்துகள். 'செய்ந்நன்றி-அறிதல்' என்று பெயரிட்டால் இடைக்கோட்டோடு 154. உலாவியின் முகவரிப் பட்டையில் தமிழாகவே தெரிவதும், படியெடுத்தவுடன் விரிந்துவிடுவதும் ஒரே முகவரியின் இரு தோற்றங்கள்; இரண்டும் ஒரே இடத்திற்கே செல்லும். அச்சிடும் அறிவிப்பில் கியூஆர் கட்டம் வைப்பவர்கள் மட்டும் இந்த நீளத்தைக் கருத்தில் கொள்ள வேண்டும். எழுத்து கூடக்கூடக் கட்டத்தின் புள்ளிகள் நெருங்கி, மலிவான தாளில் அச்சிட்டால் கைப்பேசி படிக்கத் திணறும்.

எழுத்துப்பிழை தெரியாமலே இணைப்பு வேலை செய்யாததுதான் தமிழில் பெயரிடுவோர் எதிர்கொள்ளும் சிக்கல். எல்லா மொழி எழுத்துகளுக்கும் குறியீடு வழங்கும் ஒருங்குறியில் (யூனிகோடு) 'பொ' என்னும் எழுத்தை இரு வழிகளில் எழுதலாம். பகரத்திற்குப்பின் ஒகரக்குறியை ஒரே குறியீடாக இடுவது ஒரு வழி. பகரம், ஒற்றைக்கொம்பு, துணைக்கால் என மூன்று குறியீடுகளாக இடுவது மற்றொரு வழி. திரையில் இரண்டிற்கும் மயிரிழை வேறுபாடும் தெரியாது. ஒருங்குறியின் விதிப்படி இவை ஒன்றுக்கொன்று சமமானவை என்றாலும், உலாவி ஐடியை ஒப்பிடும்போது அந்தச் சமநிலையைக் கணக்கில் கொள்வதில்லை. குறியீடு குறியீடாகவே ஒப்பிடுகிறது. பக்கத்தில் ஐடியாக உள்ள பொருட்பால் ஒரு முறையிலும், இணைப்பில் உள்ள #பொருட்பால் மற்றொரு முறையிலும் தட்டச்சாகியிருந்தால், பெயர் கிடைக்கவில்லை என்று கொண்டு பக்கத்தின் உச்சியிலேயே நின்றுவிடும். பழைய எழுத்துருக் குறிமுறைகளிலிருந்து ஒருங்குறிக்கு மாற்றிய உரைகளில் மூன்று குறியீட்டு வடிவம் கலந்திருக்க வாய்ப்புண்டு. தங்கள் நூலகத்தின் பட்டியல்கள் அவ்வாறு மாற்றப்பட்டவையாயின் முதலில் அங்கே பாருங்கள். இவ்வாறு சமமான வடிவங்களை ஒரே வடிவாக்கும், என்எஃப்சி எனப்படும் இயல்பாக்க முறையில் முழு உரையையும் ஒருமுறை செலுத்தி எடுத்தால் இது தீர்ந்துவிடும்.

ஆனால் அந்த இயல்பாக்கத்தாலும் தீராத ஒன்று உண்டு. ஔவையார் என்பதை ஔகாரத்தில் தொடங்காமல், ஒகரத்தையும் ளகரத்தையும் அடுத்தடுத்துத் தட்டி 'ஒளவையார்' என்று எழுதுவோர் மிகப் பலர். இது ஒரே எழுத்தின் இரு வடிவம் அன்று, வேறு எழுத்துகளே. கணினி இவ்விரண்டையும் ஒருபோதும் ஒன்றாகக் கொள்ளாது. கௌதமன் என்பதில் வரும் ஔகாரக் குறிக்கும் இதே கதிதான்.

ஆகவே என் கருத்து இது: தலைப்பும் உள்ளடக்கமும் தமிழில் இருக்கட்டும், பிறருக்கு அனுப்பப்படும் ஐடி குட்டையாகவும் எண் சேர்ந்ததாகவும் இருக்கட்டும். 'குறள்' என்பதை ஆங்கில எழுத்துகளில் எழுதி, இடைக்கோடிட்டு 391 என்று சேர்ப்பதில் தமிழுக்கு ஒரு குறையும் வந்துவிடாது. வெறும் 391 என்று எண்ணில் தொடங்குவதும் எச்டிஎம்எல் விதிப்படி செல்லும். ஆயினும் பக்கத்தின் தோற்றத்தை வகுக்கும் சிஎஸ்எஸ் நடைவிதிகளில் அந்தப் பெயரைச் சுட்டுவது தொல்லையாகும் என்பதால், முன்னே ஓர் எழுத்தாவது இருப்பது நல்லது.

கேள்வி: தாங்கள் முன்பு எழுதியபடி ஐடி இட்டேன். பக்கம் சரியான இடத்திற்குச் செல்கிறது. ஆனால் தலைப்பு மட்டும் தெரிவதில்லை. மேலே நிலையாக நிற்கும் பட்டிப் பட்டையின் அடியில் மறைந்துவிடுகிறது. தலைப்புக்கு மேலே சில வெற்றுவரிகளை விட்டுச் சமாளிக்கிறேன்.
– மாணவி, கோயம்புத்தூர்

பதில்: வெற்றுவரிகளை நீக்கிவிடுங்கள். உலாவி தன் கடமையைச் சரியாகவே செய்கிறது. தலைப்பைத் திரையின் விளிம்பில்தான் நிறுத்துகிறது, அந்த இடத்தைத் தங்கள் பட்டை மறைத்துக்கொண்டிருக்கிறது. சிஎஸ்எஸ்ஸில் தலைப்புகளுக்கு ஸ்க்ரோல்-மார்ஜின்-டாப் என்னும் பண்பை இட்டு, பட்டையின் உயரத்தைவிடச் சற்றுக் கூடுதலான அளவைக் கொடுங்கள். பட்டை 64 பிக்சல் உயரமானால் 80 பிக்சல் பொருத்தமாக இருக்கும். ஒவ்வொரு தலைப்புக்கும் எழுதாமல் பக்கம் முழுவதற்கும் ஒரே இடத்தில் சொல்ல வேண்டுமானால், எச்டிஎம்எல் என்னும் வேர் உறுப்பிற்கு ஸ்க்ரோல்-பேடிங்-டாப் என்பதை இடலாம். கைப்பேசியில் பட்டையின் உயரம் மாறுமாயின் அங்கே வேறு அளவு கொடுக்க மறவாதீர்கள்.

இதனோடு டார்கெட் என்னும் தேர்வியையும் கற்றுக்கொள்ளுங்கள். முக்காற்புள்ளியை முன்னே இட்டு எழுதப்படும் அது, முகவரியில் சுட்டப்பட்ட உறுப்பை மட்டும் குறிக்கும். அதற்கு மெல்லிய மஞ்சள் பின்னணி கொடுத்தால், பத்துக் குறள்கள் ஒரே திரையில் தெரியும்போதும் எதைப் படிக்கச் சொன்னார்கள் என்பது வருபவருக்கு உடனே விளங்கும்.

கேள்வி: எங்கள் ஊர்க் கோயில் வரலாற்றுப் பக்கத்தில் நிறையப் படங்கள் உள்ளன. இணைப்பைச் சொடுக்கினால் முதலில் சரியான பகுதி தெரிகிறது, ஒரு நொடியில் அது கீழே நழுவிப்போய் வேறு எதுவோ தெரிகிறது. இது ஏன்?
– வாசகர், காரைக்குடி

பதில்: உலாவி பகுதியைத் தேடிச் சென்ற நேரத்தில் மேலே உள்ள படங்கள் இன்னும் வந்து சேரவில்லை. அவற்றின் உயரம் தெரியாததால் அந்த இடங்களைச் சுருக்கி வைத்திருக்கிறது. பின்னர் ஒவ்வொரு படமாக வந்து தன் இடத்தை விரித்துக்கொள்ள, கீழே உள்ள உரை முழுவதும் தள்ளப்படுகிறது. இவ்வாறு நழுவும்போது பார்வையை அதே இடத்தில் பிடித்து நிறுத்தும் ஏற்பாடு சில உலாவிகளில் உண்டு. அதையே நம்பியிருக்கக் கூடாது.

மருந்து எளியது. ஒவ்வொரு படக் குறிச்சொல்லிலும் அகலத்தையும் உயரத்தையும் எண்ணில் குறிப்பிடுங்கள். கைப்பேசிக்கு ஏற்பப் படம் சுருங்க வேண்டும் என்பதற்காக இந்த அளவுகளை நீக்கிவிடும் வழக்கம் ஒரு காலத்தில் பரவலாக இருந்தது. 2019-ஆம் ஆண்டின் இறுதியில் ஃபயர்ஃபாக்ஸும் குரோமும் அந்த இரு எண்களிலிருந்து அகல உயர விகிதத்தைக் கணக்கிட்டு, படம் வருமுன்பே சரியான இடத்தை ஒதுக்கத் தொடங்கிவிட்டன. ஆதலால் சிஎஸ்எஸ்ஸில் உயரத்தைத் தானியங்கியாக விட்டுவிட்டு, குறிச்சொல்லில் எண்களை வைத்துக்கொள்வதே இன்றைய முறை. விளம்பரக் கட்டங்களுக்கும் முன்கூட்டியே உயரம் ஒதுக்க வேண்டும்.

படங்கள் இல்லாத பக்கத்திலும் சிறிய நழுவல் தெரிந்தால், எழுத்துருவைச் சந்தேகியுங்கள். முதலில் கருவியிலுள்ள தமிழ் எழுத்துருவில் பக்கம் அமைந்து, பிறகு தளத்தின் எழுத்துரு இறங்கியதும் வரிகள் மறுபடியும் மடிகின்றன. தமிழ் எழுத்துருக்களுக்கிடையே எழுத்தகலம் பெரிதும் வேறுபடுவதால், நீண்ட பத்திகளில் ஒவ்வொன்றும் ஓரிரு வரி கூடினாலோ குறைந்தாலோ, ஐம்பதாம் பத்திக்கு வரும்போது அந்த வேறுபாடு ஒரு திரை அளவுக்கு வளர்ந்துவிடும். எழுத்துருக் கோப்பை முன்னதாகவே இறக்குமாறு பக்கத்தின் தலைப்பகுதியில் குறிப்பிடுவது உதவும்.

சோதிக்கும்போது ஒரு எச்சரிக்கை. திறந்திருக்கும் பக்கத்தையே மறுபடி ஏற்றிப் பார்க்காதீர்கள். அப்போது உலாவி தாங்கள் கடைசியாக நின்ற இடத்தை நினைவில் வைத்து அங்கே கொண்டுவிடும். இணைப்பு சரியா, தவறா என்பது தெரியாமற்போகும். புதிய தாவலில் முகவரியை ஒட்டிப் பாருங்கள்.

கேள்வி: நான் வழக்கறிஞர். பிறருடைய தளத்தில் உள்ள நீண்ட தீர்ப்புரையில் ஒரு குறிப்பிட்ட பத்தியைச் சக வழக்கறிஞருக்குச் சுட்ட வேண்டும். அந்தப் பக்கத்தில் நான் ஐடி இட இயலாது அல்லவா?
– மதுரை

பதில்: இயலாது. ஆயினும் இரண்டு வழிகள் உள்ளன. முதலில், அந்தப் பக்கத்தை அமைத்தவரே பத்திகளுக்கு ஐடி இட்டிருக்கிறாரா என்று பாருங்கள். பத்தியின் மேல் சுட்டியை வைத்து வலச்சொடுக்கி, உறுப்பை ஆராயும் கட்டளையைத் தேர்ந்தால் மூலநிரல் தெரியும். அதில் ஐடி இருந்தால், ஹாஷ் குறியுடன் முகவரியில் ஒட்டிக்கொள்ளலாம்.

இல்லையெனில் உரைத்துண்டு முறை கைகொடுக்கும். இதில் இடத்தின் பெயருக்குப் பதிலாக, அங்குள்ள சொற்களையே முகவரியில் எழுதுகிறோம். ஹாஷ் குறி, முக்காற்புள்ளி, அலைக்கோடு, மீண்டும் முக்காற்புள்ளி, அதன்பின் டெக்ஸ்ட் என்னும் ஆங்கிலச் சொல், சமக்குறி, பிறகு தேடவேண்டிய சொற்கள் என்பது இதன் வரிசை. இதைக் கையால் எழுத வேண்டியதில்லை. குரோம் உலாவியில் வேண்டிய தொடரைத் தெரிவுசெய்து வலச்சொடுக்கினால், தெரிவுக்குரிய இணைப்பைப் படியெடுக்கும் கட்டளை பட்டியலிலேயே இருக்கும். அந்த இணைப்பைத் திறப்பவருக்குப் பக்கம் நேரே அந்த இடத்திற்கு நகர்ந்து, சொற்கள் வண்ணமிட்டுக் காட்டப்படும். குரோமில் 2020-இலும், சஃபாரியில் 2022-இலும், ஃபயர்ஃபாக்ஸில் 2024-இலும் இந்த வசதி வந்தது. அதற்கு முற்பட்ட பதிப்புகளில் பக்கம் வழக்கம்போல் தலைப்பகுதியில் திறக்கும், வேறு கேடு ஒன்றும் இல்லை.

கையால் எழுத முனையும் தமிழ் வாசகர்கள் ஒன்றை அறிந்திருக்க வேண்டும். இம்முறை முழுச் சொற்களை மட்டுமே பொருத்திப் பார்க்கும். பக்கத்தில் 'தீர்ப்பின்படி' என்று இருக்க, தாங்கள் 'தீர்ப்பு' என்று எழுதினால் கிடைக்காது. 'தீர்ப்பின்' என்று எழுதினாலும் கிடைக்காது. வேற்றுமை உருபும் இடைச்சொல்லும் சொல்லோடு ஒட்டியே நிற்கும் நம் மொழியில் இது அடிக்கடி காலை வாரும். சொல்லின் இறுதியில் மிகும் வல்லொற்றும் அப்படியே: ஒரு பதிப்பில் 'கசடறக்' என்றும், மற்றொன்றில் 'கசடற' என்றும் இருந்தால், ஒன்றுக்கு எழுதிய இணைப்பு மற்றொன்றில் பயன்படாது. ஆகவே பக்கத்தில் உள்ளதை உள்ளவாறே படியெடுங்கள். நீண்ட பத்தியானால் முழுவதையும் எழுதாமல், முதற்சில சொற்களும் ஒரு காற்புள்ளியும் இறுதிச் சில சொற்களும் கொடுத்தால் இடைப்பட்ட பகுதி முழுவதும் வண்ணமிடப்படும்.

அந்தத் தளத்தார் வாசகத்தைத் திருத்திவிட்டால் இணைப்பு இடத்தை இழந்துவிடும் என்பதால், நீதிமன்றத்தில் தாக்கல் செய்யும் ஆவணத்தில் இதை மட்டும் சான்றாகத் தராதீர்கள். பத்தி எண்ணையும் உடன் குறிப்பிடுங்கள்.

கேள்வி: தமிழ் விக்கிப்பீடியாக் கட்டுரையின் ஒரு பகுதிக்கு நான் கொடுத்த இணைப்பு சில மாதங்களில் பழுதாகிவிட்டது. கட்டுரை இருக்கிறது, பகுதியும் இருக்கிறது. என்ன நேர்ந்திருக்கும்?
– வாசகி, சேலம்

பதில்: யாரோ தலைப்பை மாற்றியிருப்பார்கள். விக்கிப்பீடியாவில் பகுதித் தலைப்பே ஐடியாக அமைகிறது. இடைவெளிகள் மட்டும் அடிக்கோடுகளாக மாறும். 'வரலாறு' என்பதை ஒருவர் 'ஊர் வரலாறு' என்று திருத்திய அன்றே #வரலாறு என்னும் இணைப்பு வெறுமையாகிவிடும். ஒரே தலைப்பு ஒரு கட்டுரையில் இருமுறை வந்தால், இரண்டாவதற்கு அடிக்கோடும் 2 என்னும் எண்ணும் சேரும். முன்னுள்ளதை நீக்கிவிட்டால் அந்த எண்ணும் போய்விடும். மேற்கோளாகத் தரும்போது பகுதியின் பெயரை உரையிலும் எழுதிவிடுங்கள். இணைப்பு தவறினாலும் படிப்பவர் தேடிக்கொள்வார்.

புள்ளிகளும் எண்களும் கலந்த பழைய விக்கி இணைப்புகள் தங்களிடம் இருந்தால் அவற்றைக் கழிக்க வேண்டாம். 2017 வரை தமிழ்த் தலைப்புகள் அந்த வடிவில்தான் ஐடியாயின. அதன்பின் தமிழாகவே எழுதும் முறை வந்தது. பழைய வடிவங்களும் தொடர்ந்து ஏற்கப்படுமாறு செய்திருக்கிறார்கள்.

கேள்வி: பிடிஎஃப் நூலில் ஒரு பக்கத்தையும், காணொளியில் ஒரு நிமிடத்தையும் இப்படிச் சுட்ட முடியுமா?
– ஆய்வு மாணவர், திருநெல்வேலி

பதில்: முடியும். பிடிஎஃப் முகவரியின் இறுதியில் ஹாஷ் குறி, பேஜ் என்னும் ஆங்கிலச் சொல், சமக்குறி, பக்க எண் ஆகியவற்றைச் சேர்த்தால், கணினியின் பெரும்பாலான உலாவிகள் அந்தப் பக்கத்தைத் திறக்கும். கைப்பேசியில் கோப்பைத் தனிச் செயலி திறக்குமானால் இது பலிக்காமற்போகலாம். எண் எழுதும்போது கோப்பின் பக்கத்தை எண்ணுக, நூலில் அச்சான பக்கத்தை அன்று. அட்டை, முன்னுரை, பதிப்புரை, பொருளடக்கம் என்று பதினாறு பக்கங்கள் கடந்தபின் நூல் 1-ஆம் பக்கத்தைத் தொடங்கினால், அச்சில் 45 என்றிருப்பது கோப்பில் 61. தேவாரப் பதிப்புகள் போன்ற பெரிய முன்னுரையுடைய நூல்களில் இந்த இடைவெளி இன்னும் விரியும்.

யூடியூப் முகவரியில் டி என்னும் எழுத்தும் சமக்குறியும் நொடிக்கணக்கும் சேர்க்க வேண்டும். ஒன்றரை நிமிடத்திற்கு 90. இது ஹாஷ் குறியோடு அன்றி வினாக்குறி அல்லது உம்மைக்குறியோடு சேர்க்கப்படுவது. பகிர்வதற்குரிய பெட்டியில் தொடக்க நேரத்தைக் குறித்தால் அதுவே எழுதித்தரும்.

கேள்வி: ஒரே பக்கமாக இருந்த எங்கள் பாடத்தொகுப்பை இப்போது அதிகாரத்திற்கு ஒரு பக்கமாகப் பிரித்துவிட்டோம். பழைய பக்கத்தின் பகுதி இணைப்புகளைப் பலர் குறித்து வைத்திருக்கிறார்கள். பழைய முகவரிக்கு வருவோரைப் புதியதற்கு அனுப்பும் திசைமாற்றத்தை வழங்கியில் எழுதியும், எல்லாரும் முதல் அதிகாரத்திற்கே வந்து சேர்கிறார்கள்.
– கணினி ஆசிரியை, திருச்சிராப்பள்ளி

பதில்: ஹாஷ் குறிக்குப் பின்னுள்ளது வழங்கிக்கு, அதாவது பக்கத்தை அனுப்பித்தரும் கணினிக்கு, செல்வதே இல்லை என்பதுதான் இதற்குக் காரணம். உலாவி முகவரியை அங்கே இரண்டாகப் பிரித்து, முன்பாதியை மட்டும் வழங்கியிடம் கேட்கிறது. பின்பாதியைத் தன்னிடமே வைத்துக்கொண்டு, பக்கம் வந்தபின் பயன்படுத்துகிறது. 2005-இல் வெளியான முகவரி இலக்கணமாகிய ஆர்எஃப்சி 3986 இதைத் தெளிவாக வரையறுத்திருக்கிறது. ஆகவே #அதிகாரம்-40 என்று வந்தவருக்கும் #அதிகாரம்-79 என்று வந்தவருக்கும் தங்கள் வழங்கியின் கண்ணில் வேறுபாடே இல்லை. எத்தனை திசைமாற்ற விதிகள் எழுதினாலும் அவற்றைப் பிரித்தறிய வழியில்லை. வருகைக் கணக்கேட்டில் எந்தப் பகுதியை எத்தனை பேர் படித்தார்கள் என்பது பதிவாகாததும் இதனால்தான்.

தளம் முழுவதும் வேறு பெயருக்கு மாறி, பக்கத்தின் அமைப்பு மாறாமல் இருந்திருந்தால் தொல்லை இருந்திராது. புதிய முகவரியில் ஹாஷ் பகுதி எதுவும் குறிக்கப்படாவிட்டால், உலாவி தன்னிடமிருந்த பழைய பகுதியையே அதனோடு ஒட்டிக்கொள்ளும். பக்கத்தைப் பிரித்ததுதான் இங்கே சிக்கலாயிற்று. பல ஆண்டுகளுக்கு முன் இப்பகுதியை எழுதுபவனும் ஒரு சொற்களஞ்சியப் பக்கத்தை எழுத்துவாரியாகப் பிரித்துவிட்டு, இதே திகைப்பில் ஒரு வாரம் வழங்கியின் அமைப்புக் கோப்பைக் குடைந்துகொண்டிருந்திருக்கிறான்.

செய்யவேண்டியது இது. பழைய முகவரியில் திசைமாற்றத்தை நீக்கிவிட்டு, அங்கே ஒரு சிறிய பக்கத்தை வையுங்கள். அதில் உலாவியில் இயங்கும் நிரல்மொழியான ஜாவாஸ்கிரிப்டில் சில வரிகள் எழுதி, முகவரியின் ஹாஷ் பகுதியைப் படிக்கச் செய்யுங்கள். அதில் உள்ள எண்ணைப் பிரித்தெடுத்து, 40 என்றால் நாற்பதாம் பக்கத்திற்கும், 79 என்றால் எழுபத்தொன்பதாம் பக்கத்திற்கும் அனுப்புமாறு அமையுங்கள். குறள் எண்ணாக வந்தால், அதிலிருந்து ஒன்றைக் கழித்துப் பத்தால் வகுத்து, ஈவோடு ஒன்றைக் கூட்டினால் அதிகார எண் கிடைக்கும்: 391-க்கு 40, 400-க்கும் 40. அந்தக் குறளின் ஐடியையும் புதிய முகவரியில் சேர்த்துவிட்டால், வருபவர் அந்தக் குறளிலேயே சென்று நிற்பார். ஹாஷ் பகுதி தமிழில் இருந்தால், ஒப்பிடுவதற்கு முன் விழுக்காட்டுக் குறிகளை அவிழ்க்கும் கட்டளையை இட மறவாதீர்கள். ஜாவாஸ்கிரிப்டை முடக்கி வைத்திருப்போருக்காக, அதே பக்கத்தில் 133 அதிகாரங்களுக்கும் இணைப்புடைய பட்டியல் ஒன்றும் இருக்கட்டும்.